கழுதைமேல் வந்த குழந்தை

மார்ல்சீயில் கடல் ஊருக்குள் புகுந்த அன்று, கடற்கரையில் பிள்ளைகளைச் சவாரி ஏற்றும் கழுதைகளில் ஒன்று கடைத்தெரு வெள்ளத்தில் நீந்திப் போனது. அதன் முதுகில் ஒரு குழந்தை. அது தான்தான் என்பதில் எனிட் கேதர்கோலுக்குச் சந்தேகமே வந்ததில்லை. நடன அரங்கு ஒன்றில் அவள் அந்தக் கதையைச் சொன்னதால்தான் அவள் கணவன் செசிலுக்கு அவளைப் பிடித்துப்போனது. “அந்தக் கழுதைமேல வந்தவளத்தான் நான் கட்டிக்கிட்டேன்” என்று சாகும்வரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆகவே உள்ளூர் வரலாற்றுச் சங்கத்துக்கு யார் வீட்டுப் பரணிலிருந்தோ அந்த வெள்ளத்தின் புகைப்படம் கிடைத்து, படத்தில் இருக்கும் குழந்தை நேரில் வரவேண்டும் என்று அறிவிப்பு வந்தபோது, எனிட் இருப்பதில் நல்ல கோட்டை மாட்டிக்கொண்டு ஊர் மண்டபத்துக்குப் போனாள். அங்கே ஏற்கெனவே பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேரும் அந்தக் குழந்தைதான்.

திரையில் பெரிதாக்கிக் காட்டிய படத்தில் குழந்தையின் முகம் விழவில்லை. முதுகும் தொப்பியும் மட்டும்தான். வினையே அதுதான்.

குன்றின்மேல் இருக்கும் மேல் ஹாம்பிளிலிருந்துகூட ஒருவர் வந்திருந்தார்.

“உங்க ஊருக்கு வெள்ளம் எப்படிய்யா ஏறுச்சு?” என்றார் மீன்கடை ஹோரஸ்.

“வெள்ளம் ஏறல. கழுதை ஏறுச்சு.”

“சுவாரசியமா இருக்கே” என்றார் ஹோரஸ். பொய் என்று அந்த மண்டபத்தில் யாரும் யாரையும் சொல்லிவிட மாட்டார்கள். அதற்குப் பதிலாகத்தான் இந்தச் சுவாரசியம்.

சங்கத் தலைவி பெர்னிஸ் எழுந்தாள். “யார் மனசும் நோகக் கூடாது. பன்னெண்டு பேர் இருக்கீங்க, வருஷத்துக்கு மாசமும் பன்னெண்டு. ஆளுக்கு ஒரு மாசம் அந்தக் குழந்தையா இருந்துக்கோங்க. சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க.”

பன்னிரண்டு கைகளும் உயர்ந்தன. ஜூலைக்கும் ஆகஸ்டுக்கும் சிறு தள்ளுமுள்ளு நடந்தது. எனிட்டுக்குப் பிப்ரவரி வந்தது. மூடிய கடைகளும் மழையுமான பிப்ரவரி. பரவாயில்லை, ஒரு மாதமாவது செசிலின் மனைவியாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்ததும் அவளுக்கே என்னவோ போல இருந்தது.

“இப்ப ஆளுக்கு ஒரு ஞாபகம் சொல்லுங்க” என்றாள் பெர்னிஸ்.

ஈர ரோமத்தின் நாற்றம் என்றார் ஒருவர். முழங்காலில் குளிர் என்றார் இன்னொருவர். எனிட் கண்ணை மூடினாள். நினைவு உடனே வந்தது, எப்போதும் வருவது போலவே.

“சிவப்புத் தொப்பி. உச்சியில ஒரு கம்பளிக் குஞ்சம். அது மேலயும் கீழயும் குதிச்சு ஆடுது. தண்ணியெல்லாம் கறுப்பு, அது மட்டும் சிவப்பு.”

“தலையில இருக்கற தொப்பி உனக்கு எப்படித் தெரிஞ்சுது எனிட்?” என்றார் ஹோரஸ். “கண்ணு உனக்கு உச்சியிலயா இருக்கு?”

எல்லோரும் சிரித்தார்கள். எனிட்டும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு, அத்தனை வருடங்களாக அந்த நினைவில் கழுதையின் முதுகு ஒருமுறைகூடத் தன் தொடையில் பட்டதில்லை என்பது அவளுக்கு உறைத்தது. நாற்றமில்லை, குளிரில்லை. மேலிருந்து பார்த்த தொப்பி மட்டும்.

எழுந்து திரையருகே போனாள். படத்தின் ஓரத்தில், ரொட்டிக்கடைக்கு மேலே ஒரு மாடி ஜன்னல். கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு ஒரு சிறுமி. அம்மா பின்னிய ஸ்வெட்டர். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. அவளை யாரும் வெளியே விடவில்லை. கீழே போகும் குழந்தையாகத் தான் ஆகிவிடவேண்டும் என்று எவ்வளவு வேண்டினாளோ, அப்படியே ஆகியும்விட்டாள்.

அப்படியானால் செசில் யாரைக் கட்டிக்கொண்டான்? இவளைத்தான். நடன அரங்கில் அத்தனை பேர் ஆட, சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தவளிடம்தானே அவன் வந்தான். கதை அதற்குப் பிறகு வந்தது.

“பிப்ரவரிய வேற யாருக்காவது குடுத்துடுங்க” என்றாள். “கழுதைமேல இருக்கறது நான் இல்ல. ஜன்னல்ல நிக்கறேன் பாருங்க, அதுதான் நான்.”

“ஜன்னல் இன்னைக்குக் கூட்டப் பொருள்ல இல்லையேம்மா” என்றாள் பெர்னிஸ்.

ஹோரஸ் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையருகே குனிந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அட, ரொட்டிக்கடை மாடி” என்றார். “அங்க நானுல்ல நின்னேன்!”

“எனக்கும் ஒரு ஜன்னல் ஞாபகம் வருது” என்றார் மேல் ஹாம்பிள்காரர்.

“கிட்ட வந்து பாருய்யா ஹோரஸ், உன் மூக்க உடைக்கறேன்!” என்றாள் எனிட். அந்த மண்டபத்தில் அதுவரை யாரும் அப்படிப் பேசியதில்லை.

பெர்னிஸ் அவசரமாகத் தேநீர் இடைவேளை அறிவித்தாள். எல்லோரும் போனார்கள். எனிட் போகவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து, திரையில் தெரிந்த அந்த ஜன்னலுக்கு நேர் கீழே போட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பெர்னிஸே கோப்பையை ஏந்தி வந்தபோதும் வேண்டாம் என்று தலையாட்டினாள்.