சாப்டேன்மா

நெட்டை செத்த பிறகு கிளி பேசுவதை நிறுத்திவிட்டான்.

துக்கம் என்றுதான் நாங்கள் நினைத்தோம். இரண்டு பேரும் விடுதியில் ஒரே அறை. ஒரு சோப்பு, ஒரு வாளி, அவசரத்துக்கு ஒருவன் செருப்பை இன்னொருவன் மாட்டிக்கொண்டு ஓடுகிற சிநேகம். ஆனால் கிளி வாயை மூடுவது லேசான விஷயமில்லை. முதல்வர், விடுதிக் காப்பாளர், கணக்கு மிஸ் என்று பாதிக் கல்லூரி அவன் தொண்டையில் வாடகை தராமல் குடியிருந்தது. யார் குரலை வேண்டுமானாலும் எடுப்பான். நெட்டையின் குரலை எடுப்பதில் மட்டும் அவனுக்குத் தனிக் கெட்டிக்காரத்தனம். கரகரப்பாகத் தொடங்கி, வாக்கியத்தின் கடைசியில் தேய்ந்துபோகிற அந்தக் குரலை அவன் பேசினால், நெட்டையே திரும்பிப் பார்ப்பான்.

நெட்டை எங்கள் மாணவர் சங்கத்தின் தலைவன். நான் செயலாளர், பெண்கள் விடுதிக்காரி. மாடிப்படிக்குக் கீழே, முன்பு துடைப்பமும் வாளியும் போட்டு வைத்திருந்த பொந்துதான் எங்கள் அலுவலகம். நிமிர்ந்தால் மண்டை இடிக்கும். தலைவன் என்றால் குனிந்து பழகணும் என்று நெட்டை அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தான்.

அந்த வருடம் வளாகத்தில் புது நூலகம் எழும்பிக்கொண்டிருந்தது. கட்டட வேலைக்காரர்கள் பின்பக்கம் தகரக் கொட்டகைகளில் குடும்பத்தோடு இருந்தார்கள். அவர்களில் ஒரு சித்தாள், செங்கல் சுமந்துகொண்டு போனபோது, லிப்டுக்காக விட்டிருந்த குழிக்குள் மூன்றாவது மாடியிலிருந்து விழுந்தாள். எந்த மாடியிலும் அந்தக் குழிக்குத் தடுப்பு இல்லை. கதவு வரவேண்டிய இடம் வெறுமனே திறந்து கிடந்தது. ஒப்பந்ததாரர் அவள் உடலை வண்டியேற்றி அனுப்பிவிட்டு மறுநாள் காலையில் வேலையைத் தொடங்கினார். எங்கள் வகுப்பு ஜன்னல் வழியாகக் கலவை இயந்திரம் சுற்றுவது வழக்கம்போலக் கேட்டது.

நாம் உட்கார்ந்து படிக்கத்தானே அவள் செங்கல் தூக்கினாள் என்று நெட்டை கேட்டான். அதற்குமேல் எங்களுக்குப் பேச்சு தேவைப்படவில்லை. எல்லா மாடியிலும் தடுப்பு வேண்டும், படிகளில் விளக்கு வேண்டும், அவள் குடும்பத்துக்கு நியாயம் வேண்டும் என்று போராட்டம் அறிவித்தோம். தடுப்பெல்லாம் ஏற்கெனவே இருக்கிறது என்று நிர்வாகம் கூசாமல் சொன்னது. காட்டுங்கள் என்றோம். மாணவர்கள் உள்ளே வரக்கூடாதென்று வாசலைப் பூட்டினார்கள். அதனால் போராட்டத்துக்கு முதல் நாள், வேலைக்காரர்கள் சாப்பிட உட்காரும் மத்தியான நேரத்தில், நெட்டை கொட்டகைப் பக்கமாக நுழைந்து படமெடுக்கப் போனான். இரவல் கேமரா ஒன்றுதான் கையில். போன் அறையில் இருந்தது.

அது எங்கள் விதி. சங்க வேலையாகப் போகிறவர் போனை எடுத்துப்போகக் கூடாது. போனை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று எங்களுக்கு ஒரு பயம். அந்தப் பயத்துக்கு ஆதாரம் ஒன்றும் கிடையாது. ஆனால் அப்படிப் பயப்படுவதில் ஒரு கெத்து இருந்தது. காப்பாளர் போன் செய்தால் கிளி எடுத்து, நெட்டையின் குரலில், “ஜுரம் சார், படுத்திருக்கேன்” என்பான். அறையிலிருக்கும் பையன்கள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிப்பார்கள்.

நெட்டை திரும்பி வரவில்லை. ஆதரவு கேட்டு வேறு கல்லூரிகளுக்குப் போயிருப்பான், சொல்லாமல் போவது அவன் வழக்கம்தானே என்று மறுநாள் நாங்கள் பாட்டுக்குக் கோஷம் போட்டோம். கட்டடத்துக்கு எதிரேயே நின்று போட்டோம். அதற்கும் மறுநாள் கொட்டகைப் பெண்கள் நாற்றம் வருகிறது என்று சொல்லித்தான் குழிக்குள் விளக்கடித்துப் பார்த்தார்கள்.

அதற்குள் எல்லா மாடியிலும் பலகை அடித்திருந்தது. அவன் உள்ளே போன அன்று சாயங்காலமே, எங்கள் போராட்டத்துக்குப் பயந்து, ஆள் வைத்து அவசர அவசரமாக அடித்திருக்கிறார்கள். ஒருவரும் கீழே எட்டிப் பார்க்கவில்லை. அவனுக்கு அப்போது உயிர் இருந்ததா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. எங்கே சுத்தியல் சத்தம் கேட்டாலும் நான் நின்று கீழே எட்டிப் பார்ப்பேன்.

நிர்வாகத்துக்கு வேறு கதை இருந்தது. பலகை அடித்த பிறகு, இரவில், பூட்டை மீறி உள்ளே போய், தடுப்பே இல்லையென்று படம் காட்டுவதற்காகப் பலகையைப் பெயர்த்து, தானே விழுந்தான் என்றார்கள். ஒரு பலகை பெயர்ந்துதான் கிடந்தது. யார் பெயர்த்தார்கள் என்று அந்தப் பலகைதான் சொல்ல வேண்டும். கேமரா தூளாகிவிட்டது. மருத்துவராலும் இறந்த நேரத்தைத் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. ஆக, மத்தியானமா இரவா என்பதுதான் எல்லாமே. மத்தியானம் என்றால் குற்றம் அவர்களுடையது. இரவு என்றால் செத்தவனுடையது. சித்தாளின் வழக்கும் அவனோடு சேர்ந்து குழிக்குள் போகும்.

விசாரணைக்கு ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் வந்தார். கருத்தரங்கக் கூடத்தில் நடந்தது. நெட்டையின் அம்மாவை அழைத்தார்கள். சட்டைத் தொழிற்சாலையில் காஜா எடுத்துப் பட்டன் தைக்கிறவர். பட்டன் துளையையே பார்த்துப் பார்த்துக் கண் கெட்டுப்போனவர். தினமும் வேலை முடிந்ததும் மகனுக்குப் போன் செய்வார். அன்று பேசினீர்களா என்று ஒப்பந்ததாரரின் வக்கீல் பவ்யமாகக் கேட்டார்.

“பேசினேன் ஐயா. பொழுது சாஞ்சப்புறம். நல்லாத்தான் பேசினான். சாப்டேன்மான்னான். கண்ணுக்கு மருந்து போட்டியான்னான். வச்சிடட்டுமாம்மான்னு கேட்டுட்டுத்தான் வச்சான்.”

வக்கீல் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவருக்கு வேறென்ன வேண்டும்? பலகை அடித்து முடித்த பிறகு நெட்டை உயிரோடு பேசியிருக்கிறான் என்று பெற்ற தாயே சொல்லியாயிற்று.

நெட்டை பிறந்ததிலிருந்து யாரிடமும் கேட்டுவிட்டுப் போனை வைத்தவனில்லை. என்னிடம் பேசும்போதெல்லாம் பாதிப் பேச்சில் பட்டென்று வைப்பான். வச்சிடட்டுமா என்று கேட்கிற மரியாதைக்காரன் எங்கள் கூட்டத்தில் ஒருவன்தான் உண்டு. திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில் கிளி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பொந்துக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினேன். அம்மா கூப்பிட்டால் எடுக்கச் சொல்லி எவன் சொன்னான் என்று கத்தினேன். அவன் வாயைத் திறந்தான். “எடுக்கலேன்னா பயப்படுவாங்கடி” என்று பதில் வந்தது.

அது நெட்டையின் குரல். நான் பின்வாங்கிக் கதவில் இடித்துக்கொண்டேன். கிளி தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமினான். தன் குரல் வர நேரமானது.

“பார்த்தியா? நான் பேசலாம்னுதான் வாயத் தொறக்கிறேன். அவன் வந்துடறான்.”

பிறகு மெல்ல மெல்லச் சொன்னான். இதுவே வழக்கமாகியிருந்ததாம். சங்க வேலையென்று நெட்டை போன நாட்களிலெல்லாம் அம்மாவிடம் இவன்தான் பேசியிருக்கிறான். முதலில் விளையாட்டாக, பிறகு ஆசையாக. கிளிக்கு அம்மா கிடையாது. எங்கள் யாருக்கும் அது அப்போது உறைத்ததில்லை. அன்றும் பேசினான். இவன் சாப்டேன்மா என்று சொன்னபோது நெட்டை குழியில் கிடந்தான்.

எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, அறையலாம்போலவும் இருந்தது. மறுநாளோடு விசாரணை முடிகிறது, நீ சொல்கிறாயா நான் சொல்லட்டுமா என்று கேட்டேன். அந்த அம்மாவுக்கு மிச்சம் இருப்பதே அந்த ஒரு பேச்சுதான் என்றான். எனக்கும் தெரியும். அந்தச் சித்தாளின் குடும்பத்துக்கு அதுகூட மிச்சமில்லை என்றேன். முதலில் அம்மாவிடம் தானே சொல்வதாக எழுந்தான்.

அம்மா பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியறையில் தங்கியிருந்தார். விடுதியிலிருந்து வந்த நெட்டையின் சட்டைக்கு விழுந்துபோன பட்டனைத் தைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். கிளி உட்காரவில்லை. நின்றுகொண்டே, தரையைப் பார்த்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னான்.

அவர் ஊசியை நிறுத்தவே இல்லை. வழக்கில் ஜெயிப்பதற்காக நாங்கள் ஜோடித்த கதை என்று நினைத்தார். இப்படியும் ஒரு பிழைப்பா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். பெற்றவளுக்குப் பிள்ளையின் குரல் தெரியாதா என்றார்.

கிளி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“ம்மா... சாப்டேன்மா. நீ கண்ணுக்கு மருந்து போட்டியா?”

“போட்டேன்டா” என்றார் அம்மா.

ஊசி விரலில் ஏறியிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. கீழே ஒரு பேருந்து உறுமிக்கொண்டு கிளம்பிப் போனது. அதற்குப் பிறகும் அந்தக் குரல் அறைக்குள்ளேயே இருப்பதுபோல் இருந்தது. நான் கதவைப் பார்த்தேன். அப்படிப் பார்த்ததற்காக வெட்கப்பட்டேன்.

அப்புறம் அவர் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார். அதட்டவில்லை, அழவில்லை. கோத்த பாசிமணியைப் பிரிக்கிறவர்போல ஒவ்வொரு பேச்சாக எடுத்தார். அம்மாவின் பிறந்தநாளைத் தானாக நினைவு வைத்து வாழ்த்தியது? கிளிதான். டாக்டரிடம் போகச் சொல்லி மன்றாடியது? அதுவும் கிளிதான். லீவுக்கு வந்து கூடவே இருப்பேன் என்றது? கிளி தலையை ஆட்டினான். ஒவ்வொரு ஆட்டலுக்கும் அந்த அம்மாவின் கையிருப்பு குறைந்துகொண்டே போனது. என்னால் தாங்க முடியவில்லை. போதும்மா என்றேன். அவர் காதில் விழவில்லை.

“கடைசியாப் பேசினதுக்கு முந்தின நாள், வேலையா இருக்கேன், சும்மா சும்மா போன் பண்ணி உசிர வாங்காதேன்னு திட்டிட்டுப் பட்டுனு வச்சது?”

கிளி நிமிர்ந்தான். “அது நான் இல்லம்மா. அவன்.”

அம்மா சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். நல்லாத் தெரியுமா என்று கேட்டார். தெரியும், நான் பக்கத்தில்தான் இருந்தேன், அம்மாவிடம் இப்படியா பேசுவது என்று சண்டைகூடப் போட்டேன் என்றான் கிளி. அதன் பிறகு அவர் எங்களைப் போகச் சொல்லிவிட்டார். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. மறுநாள் என்ன செய்வார் என்று எங்களுக்குச் சொல்லவுமில்லை.

மறுநாள் கிளி முதலில் சாட்சி சொன்னான். கல்லூரியை விட்டு நீக்குவார்கள் என்று தெரிந்தே சொன்னான். பிற்பாடு நீக்கவும் செய்தார்கள். வக்கீல் சிரித்தார். நல்ல நடிகனாகக் கிடைத்திருக்கிறான் என்றார். தாயின் சொல்லைவிட மிமிக்ரிக்காரன் சொல் பெரிதா என்று கேட்டார். கூடத்தில் பலர் தலையாட்டினார்கள். எல்லாம் கைவிட்டுப் போகிறது என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அம்மா எழுந்து நின்றிருந்தார். யாரும் அவரை அழைத்திருக்கவில்லை.

“அன்னைக்குச் சாயங்காலம் என் புள்ள என்கிட்ட பேசல ஐயா.”

நேற்று வேறு மாதிரி சொன்னீர்களே என்றார் நீதிபதி. மகன் கடைசியாக உங்களிடம் பேசியது எப்போது, என்ன பேசினான், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். அம்மா யோசிக்கவில்லை.

“அதுக்கு முந்தின நாள். என்னைத் திட்டினான். அன்பாப் பேசினதெல்லாம் அவன் இல்லீங்க. திட்டினதுதான் என் புள்ள.”

அதை அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.