வந்த காரியம்

மூன்று நாளாகிறது, எடெம் என்கிற இந்த மனிதரிடம் யாராவது ஒருத்தர் அதைக் கேட்டிருக்க வேண்டாமா? சாப்பிட்டீர்களா என்று கேட்டார்கள். காப்பிக்குச் சர்க்கரை போதுமா, ஃபேன் போடட்டுமா, உங்கள் ஊரில் இட்லி உண்டா என்றெல்லாம் கேட்டார்கள். எதற்கு வந்தீர்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

எடெமின் ஊரில், கானா நாட்டு வோல்டா ஆற்றங்கரையில், வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுப்பார்கள். குடித்து முடித்ததும், வந்த காரியம் என்ன என்று வீட்டுக்காரர் கேட்பார். கேட்ட பிறகுதான் விருந்தாளி வாய் திறக்கலாம். கேட்காமல் முந்திக்கொண்டு சொன்னால் அந்தப் பேச்சு செல்லாது. மூன்று தடவை எம்.பி.யாக இருந்தவர், மைக் கிடைத்தால் ஒன்றரை மணி நேரம் விடாமல் முழங்குகிறவர், அந்த ஒற்றைக் கேள்விக்காகத் திருவையாற்றுக்கு இரண்டு மைல் தள்ளி ஓர் ஓட்டு வீட்டில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்று மத்தியானம் திருச்சியில் விமானம்.

வீட்டுக்காரர் அருள்சாமியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்காகத்தான் வந்தார்.

இந்த ஊர் அவரைத் தூங்கவும் விடவில்லை, விழிக்கவும் விடவில்லை. விடிந்தால் சம்பா வயல் முழுக்கப் பனி. ஆராதனைப் பந்தலிலிருந்து பாட்டு ஆற்றின் மேலேயே மிதந்து வந்தது. பனிக்குள் கொக்குகள் நடந்தன. வரப்பில் ஒரு பெண் வந்தாள், தலையில் கூடை. அம்மாதான், புகைபோட்ட மீனைச் சந்தைக்குக் கொண்டுபோகிறாள் என்று எடெம் எழுந்தே நின்றுவிட்டார். கிட்டே வந்ததும் அது அருள்சாமியின் மனைவி மரியபுஷ்பம், தலையில் இருந்தது புல்லுக்கட்டு. இது காவிரிதானா, வோல்டாவா? சத்தியமாக அவருக்குத் தெரியவில்லை.

அந்த மீன்காரி படிக்க வைத்த பையன் பள்ளிக்கூட வாத்தியாரானான். தொண்ணூற்றைந்தில் ஒரு கம்பெனி வோல்டா கரையில் நெல் பயிரிட வந்தது. நம் நாடு பொருளாதாரக் கதவைத் திறந்துவிட்ட ஜோரில் தஞ்சாவூர்க்காரர்கள் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பறந்துகொண்டிருந்த காலம். அருள்சாமியும் இன்னும் நாற்பது பேரும் கானாவுக்குப் பறந்தார்கள். அவர்கள் பேசும் இங்கிலீஷை ஊர்க்காரர்களுக்கு மொழிபெயர்க்க எடெமைப் போட்டார்கள். ஐந்து வருஷம் இருவரும் ஒரே கட்டிலின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எடெம் தமிழ் பேசக் கற்றார்.

மதகைத் திறந்து மூடுவது அருள்சாமி வேலை. கீழ்ப்பக்கத்து ஜனங்களுக்குத் தண்ணீர் விடக்கூடாது என்பது கம்பெனி உத்தரவு. அருள்சாமி விடியுமுன் போய், கம்பெனிக்குத் தெரியாமல் அரைமணி நேரம் திறந்துவிடுவார். அந்தத் தண்ணீர் முதலில் பாய்ந்ததே எடெமின் அம்மாவுடைய கால் ஏக்கரில்தான்.

அப்புறம் தேர்தல் வந்தது. எடெம் மேடையேறினார். கூட்டம் கொட்டாவி விட்டது. "நம் தண்ணீரைப் பூட்டி வைத்திருப்பவன் பெயர் அருள்சாமி!" என்று அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. கூட்டம் எழுந்து நின்று கத்தியது. ஜெயித்தார். அதே வாரம் அருள்சாமியின் நாற்றங்காலையும் குடிசையையும் கொளுத்தினார்கள். நாற்பத்தொரு பேரையும் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். எடெம் ரோடு போட்டார், ஆஸ்பத்திரி கொண்டுவந்தார், ஆனரபிள் என்று ஊரே எழுந்து நின்றது. நான்காம் தடவை தோற்று வீட்டில் உட்கார்ந்தபோது யாரும் வரவில்லை. பாழாய்ப்போன அந்த ஒரு வாக்கியம் மட்டும் தினமும் வந்தது.

கார் வந்து வாசலில் நின்றது. மரியபுஷ்பம் முறுக்கைக் கட்டிக்கொண்டிருந்தாள். எடெமுக்குப் பொறுக்கவில்லை.

"தங்கச்சி, உங்க ஊர்ல வந்த காரியம் கேக்கவே மாட்டாங்களா?"

"ஐயையோ! வீட்டுக்கு வந்தவங்கள எதுக்கு வந்தீங்கன்னு கேக்குறதா? தொரத்துற மாதிரில்ல இருக்கும்!" என்றாள். உடனே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "ஆனா இவருக்கு அந்தக் கூச்சமே கெடையாதுண்ணே. உங்க ஊருலேருந்து ஒட்டிக்கிட்டு வந்த வியாதி. எவரு படியேறினாலும் ஒரு சொம்பு தண்ணியக் குடுத்துட்டு, வந்த காரியம் என்னம்பாரு. எம்பொண்ணப் பொண்ணு பாக்க வந்தவங்களையே கேட்டாரு! நான் தலையில அடிச்சிக்கிட்டேன்."

முதல் நாள் எடெமுக்கும் அருள்சாமி சொம்பில் தண்ணீர் கொடுத்தாரே. குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாரே. அப்புறம், குளிச்சிட்டு வாங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாரே.

வயலுக்கு ஓடினார். அருள்சாமி வரப்பில் நின்று ஒரு கதிரை உருவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அருளண்ணே, எல்லாரையும் கேக்குறீங்களாமே."

"அவ சொல்லிட்டாளா?"

"என்னை மட்டும் கேக்கல."

"கேக்கலதான் வாத்தியாரே." அருள்சாமி கதிரைக் கீழே போட்டார். "கேட்டா நீங்க சொல்லிப்புடுவீங்க. இம்புட்டு தூரம் வந்து சொன்னா நான் சரின்னுதானே சொல்லணும்? மாதாகோயில்ல பாவசங்கீர்த்தனத்துல சாமியார் கேக்குறாரு, எல்லாரையும் மன்னிச்சிட்டியாப்பான்னு. ஒரே ஒரு ஆளு பாக்கி சாமின்னு பதினேழு வருஷமாச் சொல்லிக்கிட்டிருக்கேன். எனக்குப் பொய்யா மன்னிக்கத் தெரியல."

பாட்டு நின்றிருந்தது. பனி கரைந்து நெல்லின் நிறம் தெரிந்தது.

"உங்க அம்மா லாரி பின்னாலயே ஓடி வந்தாங்க" என்றார் அருள்சாமி. "நீங்க எங்கய்யா இருந்தீங்க?"

மூன்று தேர்தல் ஜெயித்த வாய்க்கு ஆயிரம் பதில் தெரியும். எடெம் ஒன்றைத்தான் சொன்னார்.

"தையக்காரன் கடையில. பதவியேற்புத் துணிக்கு அளவு குடுத்துக்கிட்டிருந்தேன்."

அருள்சாமி அவர் முகத்தைப் பார்த்தார். மூன்று நாளில் இப்போதுதான் பார்த்தார்.

வாசலில் ஹாரன் அடித்தது. "கெளம்புங்க, ஃப்ளைட்டு போயிடும்" என்றார் அருள்சாமி.

"நான் போகல. நீங்க கேக்குற வரைக்கும் இருக்கேன்."

"நாளாகும் வாத்தியாரே."

"ஆகட்டும்."

"நான் கேக்காமலே இருந்தாலும் இருந்துருவேன் வாத்தியாரே."

"இருங்க."

அருள்சாமி கீழே போட்ட கதிரைக் குனிந்து எடுத்தார். மறுபடி போகச் சொல்லவில்லை. எடெம் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைக் காரிலிருந்து இறக்கினார். டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு கிளம்பிப் போனான். விசாவில் இன்னும் பதினொரு நாள்தான் பாக்கி இருந்தது. அதை எடெம் அருள்சாமியிடம் சொல்லவே இல்லை.