நீலம் ஏறாதவை

லேபில் எனக்குக் கடுகு என்று பெயர். சூடு பட்டால் வெடிப்பேனாம். இந்த வேலையில் ஒருவர் அசட்டையாக இருந்தால் வெடிக்காமல் கொஞ்சவா முடியும்?

அன்று காலை ஒரு அம்மா வரவேற்பறையில் வந்து உட்கார்ந்துவிட்டார். எட்டு வயது மகளுக்கு எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுவது நின்றுபோயிருந்தது. மாற்றிவைக்க யாருடைய மஜ்ஜையும் பொருந்தவில்லை. பொருந்தியது தம்பியுடையது மட்டும்தான், ஆறு வருடத்துக்கு முன் எங்களிடம் சேமித்த தொப்புள்கொடி ரத்தம். தம்பி இல்லை. இதயக் கோளாறு, பெயர் வைப்பதற்குள் பதினோராம் நாளே போய்விட்டான்.

"உறைஞ்சு கிடந்தது இன்னும் உயிரோட இருக்குமா சார்?"

"பார்த்தாத்தான் தெரியும். உக்காருங்க" என்று எரிந்து விழுந்தேன். உள்ளுக்குள் பயம். அந்தப் பையைப் பதப்படுத்தியவன் நானே. சுழற்றிச் சிவப்பணுக்களைப் பிரித்து, மிச்சத்தில் உறைகாப்பு மருந்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, நிமிஷத்துக்கு ஒரு டிகிரியாகக் குளிரவைத்து, நைட்ரஜன் தொட்டிக்குள் இறக்கினேன். எங்காவது கை தவறியிருந்தால்?

பையோடு ஒட்டிய சின்னக் குழாயிலும் அதே ரத்தம் கொஞ்சம் இருக்கும். பையை உருக்காமல் சோதிக்க அதுதான் வழி. அதில் ஒரு துண்டை வெட்டி, வெதுவெதுப்பான நீரில் உருக்கி, நீலச் சாயம் கலந்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். செத்த செல்லுக்குள் சாயம் புகுந்துவிடும். உயிருள்ளது உள்ளே விடாது.

விடவில்லை! நூற்றில் தொண்ணூற்று மூன்று, நீலம் ஏறாமல் பளிச்சென்று நின்றன. ஆறு வருடம் பேச்சுமூச்சில்லாமல் கிடந்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிட்டன. எத்தனையோ பை பார்த்தவன் நான், உடம்பு சிலிர்த்துவிட்டது.

நேராகப் போய் அந்த அம்மாவைக் கூட்டிவந்தேன். வெளியாள் உள்ளே வரக்கூடாதென்று கதவில் ஒட்டியவனே நான்தான். பக்கத்து மேஜைக்காரி வாயைப் பிளந்தாள். ஒரு முறை முறைத்தேன், மூடிக்கொண்டாள்.

"பளிச்சுன்னு உருண்டை உருண்டையா தெரியுதே, அதெல்லாம் உயிரோட இருக்கு."

மைக்ராஸ்கோப்பில் குனிந்த அந்த அம்மா வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"இவனா?"

"அவனேதாம்மா."

போனை எடுத்து ஆஸ்பத்திரியில் இருக்கும் மகளைக் கூப்பிட்டார்.

"அழாதடி கண்ணு. தம்பி வரான்."