குரு வருவதற்கு முன்னால்

சுப்புராஜுக்கு அருப்புக்கோட்டையில் புண்ணாக்குக் கடை. லோடு இறக்கக்கூட ராகுகாலம் பார்க்கிற மனுசர். அன்று திருச்சுழி ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்தவர், செருப்பைக் கழற்றும்போதே மகள் சுகப்பிரியாவின் தலையில் கல்லைப் போட்டார்.

“குரு சரியில்ல தாயி. வைகாசில பெயர்ச்சி. அதுக்கப்புறம் ஜெர்மனிக்குப் போ.”

மாசியிலேயே வேலையில் சேர வேண்டும். தவறினால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். சுகப்பிரியா அம்மாவைப் பார்த்தாள்.

எண்பத்தொன்பதில் அம்மா கஸ்தூரியிடம் அவள் அப்பாவும் இதையேதான் சொன்னார். மதுரையில் எம்.எஸ்ஸி. இயற்பியலுக்கு இடம் கிடைத்திருந்தது. குரு பெயர்வதற்குள் இடம் போய்விட்டது, பின்னாலேயே கல்யாணமும் வந்துவிட்டது. அந்த ஆகஸ்டில்தான் வாயேஜர் விண்கலம் நெப்டியூனைத் தாண்டியது. பேப்பரில் வந்த படத்தைத் தெருவெல்லாம் கொண்டுபோய்க் காட்டினாள், ஏதோ தன் வீட்டு விசேஷம்போல. என்ன நாட்கள் அவை! இப்போது நினைத்தாலும் நெஞ்சு இனித்தது, வலிக்கவும் செய்தது. அது அங்கே போய்ச் சேர்ந்த கணக்கெல்லாம் பிற்பாடு மகளின் கல்லூரிப் புத்தகங்களில் படித்துக்கொண்டது.

“ஏங்க, குருவை வச்சு ராக்கெட்டுக்காரவுக என்ன செஞ்சாக தெரியுமா?”

“என்ன செஞ்சாக?”

“எரிபொருள மட்டும் நம்பி அம்புட்டுத் தூரம் போக முடியாதுன்னு இருந்தாக. ஓடுற கிரகத்துக்குப் பக்கத்துல போனா, அது தன் ஓட்டத்துல கொஞ்சம் குடுத்துத் திருப்பியும் விடும்னு ஒரு காலேஜ் பையன் கணக்குப் போட்டான். எழுபத்துநாலுல சுக்கிரன வச்சுப் புதனுக்குப் போனாக. அப்புறம் வாயேஜரு. குரு தள்ளிவிட்டுச் சனி, சனி தள்ளிவிட்டு அதுக்கும் அங்கிட்டு.”

சுப்புராஜின் முகம் மலர்ந்தது. “அப்ப அவுகளும் குரு எங்க இருக்காருன்னு பாத்துத்தான விட்டிருக்காக?”

சுகப்பிரியா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“பாத்தாக. கிரகமெல்லாம் அப்படித் தோதா அமைய நூத்தியெழுபது வருசத்துக்கு மேல ஆகுமாம்” என்றாள் கஸ்தூரி.

“அப்புறமென்ன!”

“ஆனா குரு வரட்டும்னு உக்காந்திருக்கலங்க. ரெண்டு வருசம் முந்தியே கெளப்பிவிட்டாக. வழியிலதான் குருவச் சந்திச்சுச்சு.”

சுப்புராஜ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மகளிடம், “டிக்கெட்டப் போடு தாயி” என்றார்.

பிறகு கஸ்தூரியிடம் திரும்பினார். “இம்புட்டு வெவரத்த அன்னைக்கே உங்கப்பாட்டச் சொல்லியிருக்கலாம்ல?”

கஸ்தூரி சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

“அன்னைக்கு எனக்கே தெரியாதுங்க. அதப் படிக்கத்தான் போறேன்னு அழுதேன்.”