எல்லாம் நார்மல்

"அந்த லாரியத் தாண்டிப் போ ஸ்மைலின்," என்று ராகேல் பின்சீட்டிலிருந்து ஆட்டோக்காரனின் தோளைத் தட்டினாள்.

"ஆஸ்பத்திரிக்கா மாமி, இல்ல நேரா கல்லறைத் தோட்டத்துக்கா?" என்றான் ஸ்மைலின். ஆனாலும் தாண்டினான்.

கொட்டாரத்தில் ஆட்டோ ஏறியதிலிருந்து மருமகள் ரெஜிலாவின் போன் அணைந்தே கிடந்தது. நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் அவளுக்கு இன்று லேப்ராஸ்கோப்பி. தொப்புளுக்குப் பக்கத்தில் துளை போட்டு, கேமரா விட்டு, ஆறு வருடமாகியும் ஏன் பிள்ளை இல்லை என்று பார்ப்பார்கள். தியேட்டருக்குள் கொண்டுபோவதற்கு முன் போய்ச் சேர்ந்தால் ராகேல் அதை நிறுத்திவிடலாம். அவளிடம் சொல்ல ஒரு விஷயம் இருந்தது. போனில் சொல்லக்கூடியதல்ல.

ரத்தம், ஸ்கேன் எல்லாம் ரெஜிலாவுக்குத்தான். கருக்குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்த அன்று வலி தாங்காமல் இதே ஆட்டோவில் சுருண்டு படுத்தபடி வீடு வந்தாள். "முதல்ல புருஷனுக்கு டெஸ்ட் எடுக்கணும்" என்று டாக்டரம்மா தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார். மகன் ஷிஜின் துபாயில். அவனுக்கு அங்கேயே பார்த்தாச்சு, எல்லாம் நார்மல் என்று முந்திக்கொண்டவள் ராகேல்தான். ரிப்போர்ட் இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று இழுத்தவளும் அவள்தான். மாமி சொன்னால் போதும் என்று ரெஜிலா அவனிடம் கேட்கவும் இல்லை.

இன்று காலை ஆஸ்பத்திரிக்குப் படியிறங்கிய ரெஜிலா திரும்பி நின்றாள். "குறை எனக்குதான்னு தெரிஞ்சா அவருக்கு வேற பொண்ணு பாருங்க மாமி. நான் குறுக்க நிக்கமாட்டேன்."

அதற்குப் பிறகு ராகேலால் வேதப்புத்தகத்தில் ஒரு வரி வாசிக்க முடியவில்லை.

கோட்டாற்றில் ஒரு பஸ் குறுக்கே நின்றது. ஆஸ்பத்திரி அடுத்த தெருவில்தான். ராகேல் இறங்கி ஓடினாள். செருப்பு ஒன்று அறுந்தது. எடுக்கவில்லை.

மாடி வராந்தாவில் டாக்டரம்மா மாஸ்க்கைக் கழற்றிக்கொண்டே எதிரே வந்தார். முதல் கேஸாகவே எடுத்து முடித்துவிட்டார்களாம். கர்ப்பப்பை, குழாய், எதிலும் குறை இல்லையாம். மகனுடைய ரிப்போர்ட்டைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார்.

மயக்கம் பாதி தெளிந்து கட்டிலில் கிடந்தாள் ரெஜிலா. உதடு காய்ந்திருந்தது. மாமியைக் கண்டதும் சிரித்தாள்.

"எனக்கு ஒண்ணுமில்லியாம் மாமி."

பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. "அவருக்கும் நார்மல்னு சொன்னீங்களே. அப்போ வேற என்னதான் மாமி?"

அவள் கையைப் பிடிக்க நீண்ட ராகேலின் கை பாதியிலேயே நின்றது.

"அவனுக்கு டெஸ்டே எடுக்கல மக்களே. பதினஞ்சு வயசுல பொன்னுக்குவீங்கி வந்தது. கழுத்தோட நிக்கல, கீழயும் இறங்கி வீங்கிச்சு. பிள்ளை பிறக்குமான்னு கல்யாணத்துக்கு முந்தி கண்டிப்பா பாத்துரணும்னு அண்ணைக்கே டாக்டர் எங்கிட்டச் சொன்னாரு. டாக்டர் சொன்னது அவனுக்கு இப்பவும் தெரியாது."