லோகேஸ்வரியின் இடது உதடு

1.

‘இந்தக் கதையை எனக்குச் சொன்னவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்’ என்று முதல் வரியை எழுதினேன். உடனே அதை அடித்துவிட்டேன். அவள் அழுதுகொண்டுதான் சொன்னாள், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில், எனக்கு எதிரே உட்கார்ந்து. அவள் வாயைப் பார்த்து என் முகம் தன்பாட்டில் பதிலுக்குப் புன்னகை செய்துகொண்டிருந்தது. அது எனக்குத் தெரிந்தபோது கையிலிருந்த டீ சிந்திவிட்டது. அந்தத் திடுக்கிடல் இன்னும் அடங்காததால்தான் எழுதுகிறேன்.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது, ஆனால் அடிக்குறிப்பை யார் படிக்கிறார்கள்? லோகேஸ்வரி ஒரு பல் கிளினிக்கில் வேலை பார்ப்பவள். சில வருடங்களுக்கு முன் ஒரு காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது கடைவாயில் வழிந்தது. முகத்தின் அந்தப் பாதி செத்துப்போயிருந்தது. நரம்பு மெல்ல உயிர்பெற்றது, ஆனால் வழிமாறி. கண்ணை இறுக்கினால் இடது உதடு மேலே ஏறும். அழும்போது எல்லோரும் கண்ணை இறுக்கத்தானே செய்வோம்?)

2.

‘அன்று வானம் இருண்டு கிடந்தது, ஏதோ நடக்கப்போவதை...’

[வேண்டாம். அன்று நல்ல வெயில். கிளினிக்கில் கூட்டம்.]

சித்தப்பா பழனியப்பன் கூப்பிட்டார். “லோகா, உடனே கிள்ளானுக்கு வாம்மா. ஜீவன்... ஃபுட்சால் ஆடப் போன எடத்துல விழுந்துட்டான். போயிட்டான்மா.”

ஜீவன் அவளுடைய ஒரே தம்பி.

கொமுட்டர் ரயிலில் அவளுக்கு எதிரே ஒரு மலாய் மூதாட்டி. லோகேஸ்வரி கண்ணை இறுக்கி இறுக்கி அழுதாள். உதடு ஏறிக்கொண்டே போனது. மூதாட்டி முகம் மலர்ந்து, “ஆனந்தக் கண்ணீரா மகளே? நல்ல சேதியா?” என்று மலாயில் கேட்டார்.

லோகேஸ்வரி ஆமாம் என்று தலையாட்டினாள்.

“ஏன்?” என்று கேட்டேன்.

“அவங்க மொகம் அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு. கெடுக்க மனசு வரல.”

இந்தப் பதிலை நான் கற்பனையில் எழுதியிருந்தால் நம்ப முடியாதென்று நீக்கியிருப்பேன்.

3.

ஜீவனின் மனைவி விஷ்ணுப்ரியாவை முதல் வரைவில் கெட்டவளாக எழுதிப் பார்த்தேன். நிற்கவில்லை. லோகேஸ்வரியை முகப் பயிற்சிக்குக் காரில் கூட்டிப்போய், கண்ணாடி முன்னால் உட்கார வைத்து, “இப்ப உதட்டை விடுங்கக்கா, கண்ணை மட்டும் மூடுங்க” என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவள் அவள். அந்த உதட்டைப் பற்றி அவளுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

கிள்ளான் வீட்டுக் கூடத்தில் சவப்பெட்டி. லோகேஸ்வரி உள்ளே ஓடி, தம்பியின் தலைமாட்டில் விழுந்து, முகத்தைத் தூக்கினாள். எதிரே விஷ்ணுப்ரியா.

கன்னத்தில் அறை சுளீரென்று விழுந்தது.

“என் புருஷன் செத்துக் கெடக்குறாரு. இளிக்கிறீங்களா?”

அறைந்தவள் தன் கையைத் தானே வெறித்துப் பார்த்தாள். தெரிந்த மனம் சொல்வதற்குள் கண் பார்த்துவிட்டது, கை போய்விட்டது. [இந்த வாக்கியம் கட்டுரை மாதிரி இருக்கிறது. இருக்கட்டும்.]

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு அறையைவிடப் பயங்கரமாகப் பட்டது. யாரும் லோகேஸ்வரியைத் திட்டவில்லை. வேலை சொன்னார்கள். “அக்கா, நாக்காலி வந்துருச்சா?” “ஆன்டி, வெளிய தண்ணி பத்தல.” அழாத முகம் என்று நினைத்ததால் அவளைத் தெம்பானவளாக ஆக்கிவிட்டார்கள். தம்பியைப் பறிகொடுத்தவள் தட்டோடு தண்ணீர் போத்தல் கொடுத்துக்கொண்டு நடந்தாள்.

சித்தப்பா அவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். கையில் போன். “லைவ் போவுதும்மா. ரவாங்ல உள்ள சொந்தம்லாம் பாக்குறாங்க. அந்தப் பொம்பள ஏன் சிரிக்குதுன்னு கேக்குறாங்க. ஒரு மாஸ்க் போட்டுக்க லா.”

“சித்தப்பா, நான் அழுவுறேன்.”

“எனக்குத் தெரியாதாம்மா?” என்றார். சொன்னபோது அவள் வாயைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

4.

அவள் மாஸ்க் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

வாய் மறைந்தது. நனைந்து சிவந்த கண்கள் மட்டும் மிச்சம். யாரோ ஓர் அம்மா அவள் கையிலிருந்த தட்டை வாங்கினார். இன்னொருவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். கொஞ்ச நேரத்துக்கு முன் நாற்காலி கேட்டவளே, “ஐயோ அக்கா” என்று கட்டிக்கொண்டாள். அவர்கள் அழுதது அத்தனையும் நிஜம்.

கடைசியாக விஷ்ணுப்ரியா வந்தாள். கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மினாள்.

“இப்பதான்க்கா நீங்க அழுவுறது தெரியுது.”

மாஸ்க்குக்குள்ளே உதடு ஏறியது.

5.

வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். அக்கா என்ற முறையில் அவள் எழுந்தாள். தம்பியின் மேல் குனிந்தாள். ஒரு கையில் அரிசி. இன்னொரு கை காதோரக் கயிற்றுக்குப் போனது.

முடிவு அ: அவள் மாஸ்க்கைக் கழற்றினாள், எல்லோரும்...

முடிவு ஆ: கை இறங்கிவிட்டது. தம்பியைக் கடைசியாகப் பார்த்தது ஒரு...

இரண்டையும் முடிக்க முடியவில்லை. கடையில் இந்த இடத்தில் அவளும் நிறுத்திவிட்டாள். நானும் கேட்கவில்லை. கேட்டால் பதிலை அவள் எந்த முகத்தோடு சொல்வாள், அதைப் பார்த்து என் முகம் என்ன செய்யும் என்று பயமாக இருந்தது.

அதனால் நீங்கள் வாருங்கள். கூடத்தில் இடமிருக்கிறது, பெட்டிக்கு நேர் எதிரே. எல்லாம் தெரிந்த ஒரே ஆள் இங்கே நீங்கள்தான் என்று சொல்ல ஆசை. விஷ்ணுப்ரியாவுக்கும் எல்லாம் தெரிந்துதான் இருந்தது. லோகேஸ்வரியின் விரல் கயிற்றில் இருக்கிறது. அவள் நிமிர்ந்து உங்களைத்தான் பார்க்கிறாள்.

உங்கள் முகம் இப்போது எப்படி இருக்கிறது?