கறுப்பு பெல்ட்காரர் விழக் கற்றது

கராத்தே மாஸ்டருக்குக் கறுப்பு பெல்ட் கிடைத்துப் பதினெட்டு வருஷம். அவருடைய வகுப்பில்தான் தையல்கார அக்கா மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். பின்னால் நகரும்போது கால் இடறி, கையை ஊன்றி விழுந்துவிட்டாள். அவ்வளவுதான்.

அவர் பார்க்கப் போனபோது மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தையல் மிஷின்மேல் துணி குவிந்து கிடந்தது. அவள் கோபப்படவில்லை. அதுதான் அவரை என்னவோ செய்தது.

"அடிக்க, தடுக்க எல்லாம் சொல்லிக் கொடுத்தீங்க மாஸ்டர். விழறதைச் சொல்லிக் கொடுக்கவே இல்லையே."

தனக்கே அது தெரியாது என்பதை அவர் சொல்லவில்லை.

அன்றிலிருந்து வகுப்பில் யார் பின்வாங்கினாலும் அவர் ஓடிப்போய்ப் பின்னால் நின்றுகொண்டார். சோறு இறங்கவில்லை. மனைவிதான் கேட்டாள், விழத் தெரிந்தவர்களிடம் போய்க் கற்றுக்கொண்டால் தலையிலிருந்து கிரீடமா இறங்கிவிடும் என்று.

யோசித்து யோசித்தே மூன்று மாதத்தை ஓட்டினார். பிறகு ஊரின் மறுகோடியில், தெரிந்தவர் கண்ணில் படாத இடமாகப் பார்த்து விழுவதையே முதல் பாடமாகச் சொல்லித்தரும் ஒரு ஜூடோ வகுப்பில் சேர்ந்தார். டீச்சர் அவரைவிடப் பத்து வயது சின்னவள். பகலில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. புதிதாகச் சேர்பவர்களுக்கான வெள்ளை பெல்ட்டை அவர் இடுப்பில் கட்டிக்கொண்டார். விழச் சொன்னபோதெல்லாம் தரையில் ஊன்றக் கை தானாகப் பின்னால் போனது. கராத்தேயில் இது வேறு மாதிரி என்று இரண்டு முறை விளக்கம் சொன்னார். டீச்சர் பொறுமையாகக் கேட்டுவிட்டு மறுபடி விழச் சொன்னாள்.

மூன்றாவது வாரம், தையல்கார அக்காவும் அதே ஜூடோ வகுப்பில் சேர வந்தாள். அவர் உடை மாற்றும் அறைக்குள் நழுவப் பார்த்தார். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். முதலில் முகத்தை, பிறகு இடுப்பிலிருந்த வெள்ளை பெல்ட்டை. விஷயம் தெரியாத டீச்சர் இருவரையும் பயிற்சிக்கு ஜோடி சேர்த்துவிட்டாள்.

அக்கா ஆறின கையை மறு கையால் பிடித்தபடி நின்றாள். முகம் வெளிறியிருந்தது. தன்னைவிட அவள்தான் அதிகம் பயந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"அக்கா, எனக்கு விழத் தெரியாது. அன்னைக்கே சொல்லியிருக்கணும். இப்பத்தான் கத்துக்கறேன், இன்னும் சரியா வரலை."

அவள் மெத்தையின் ஓரத்துக்கு நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.

"அப்ப நீங்க முதல்ல விழுங்க மாஸ்டர். நான் பாக்கறேன்."

விழுந்தார். கை பின்னால் போய்விட்டது. அவளே அதைச் சுட்டிக்காட்டினாள். இந்த முறை அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. எட்டாவது தடவை தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, முதுகை உருட்டி விழுந்தார். உள்ளங்கைகள் பக்கவாட்டில் மெத்தையைப் பட்டென்று தட்டின. வலிக்கவில்லை.

பிறகு அவள் முறை. குந்தியபடியே, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். அவர் அவள் கைகளையே பார்த்தார். எழுந்து மணிக்கட்டை மெல்லச் சுழற்றிப் பார்த்தாள். பிறகு இன்னொரு முறை குந்தினாள்.

அடுத்த திங்கட்கிழமை அவர் தன் வகுப்பில் தரையெங்கும் மெத்தை விரித்தார். விழுவதைத் தானும் இப்போதுதான் படிப்பதாகவும், தப்பு தெரிந்தால் சொல்லும்படியும் கேட்டுக்கொண்டார். பின்வரிசையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுவாரம் அவர்கள் வரவில்லை. மற்றவர்கள் விழப் பழகினார்கள்.